பேராண்டி, புத்தகம் போடப் போறியாமே!

சிறார் எழுத்தாளர் ஆகிட்டியாமே பேராண்டி! டீக்கடையில சொன்னாங்க. சந்தோசம், நல்லா இரு. சிவகாசிக்குப் போயி விசிட்டிங் கார்டுகூட அடிச்சிட்டு வந்துட்டியாம். ‘சிறார் எழுத்தாளர், ஓவியர், கதைசொல்லி’ன்னு மூணு பட்டம். கார்டு நல்ல கனம். ஓரத்துல தங்கக் கலரு. கல்யாணப் பத்திரிகைகூட இம்புட்டு எடுப்பா இருக்காது. எல்லாம் சரிதான், கதை எங்கய்யா?

“இனிமேத்தான் எழுதணும் தாத்தா”ங்குற.

அதுக்கு முந்தி என்னென்ன நடந்திருக்குன்னு எனக்குத் தெரியும். உங்க ஆத்தா வந்து புலம்பிட்டுப் போனா. ஐபேடு ஒண்ணு வாங்கியாச்சு. அதுல எழுத ஒரு பென்சிலு. அந்தப் பென்சிலுக்கும் சார்ஜு ஏத்தணுமாமே! சுத்துற நாக்காலி ஒண்ணு. முகத்துக்கு வெளிச்சம் அடிக்க வட்டமா ஒரு விளக்கு. ஏன்யா, கதை எழுதுறவன் மூஞ்சிக்கு எதுக்கு வெளிச்சம்? பெறகு செல்போனுக்குள்ளயே பயிலரங்கம் வேற. ஒவ்வொண்ணுக்கும் சான்றிதழ், அதுக்கு ஃபிரேமு, ஃபிரேமுக்கு ஆணி. கேட்டா, “சூழல் அமையணும் தாத்தா, அப்பத்தான் படைப்பு மனநிலை வரும்”ங்குற. ஏன்யா, காலையில புஞ்சைக்குக் களையெடுக்கப் போறாளே உங்க ஆத்தா, அவளுக்கு ஒருநாள் அந்த மனநிலை வராமப் போச்சுன்னா நீ ராத்திரி என்னத்தத் தின்ப?

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இப்ப உள்ள பிள்ளைக வெவரம். கூடத்தை மொதல்ல கட்டிருதுக. ஆட்டத்தைப் பெறகு பாத்துக்கலாம்!

நம்ம கோவில்பட்டியில கொண்டையராஜுன்னு ஒருத்தர் இருந்தாரே, கேள்விப்பட்டிருக்கியா? 1898-ல பொறந்து 1976-ல போயிச் சேந்தவரு. நாடகக் கம்பெனிக்கு சீன் எழுதிக்கிட்டு அலைஞ்சவரு, கடைசியில நம்ம பக்கமே தங்கிட்டாரு. அவரு எழுதுன முருகனும் லட்சுமியும் சிவகாசியில காலண்டரா அச்சாகி ஊர் ஊராப் போச்சு. சாமிக்கு மூஞ்சி இதுதான்னு எங்க தலைமுறைக்கே முடிவு பண்ணிக் குடுத்த கையி அது. பக்கத்துல இருந்து பாத்துப் பாத்தே தொழில் படிச்ச பயலுக எத்தனையோ பேரு. அதுல எவனுக்கும் சான்றிதழ் கிடையாது. தொழில் தெரிஞ்சுச்சா இல்லையான்னு காலண்டர் சொல்லிரும்.

சாமான் சட்டி வாங்காதேன்னு சொல்லலை. காசு இருக்கு, வாங்கு. ஆனா அந்தச் சாமானுக்குக் கண்ணு கிடையாது. கண்ணு உன்கிட்டதான் இருக்கணும். வெளங்குற மாதிரி ஒரு ஆளைப் பத்திச் சொல்றேன், கேளு.

பஜ்ஜு ஷ்யாம்னு பேரு. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடி. போபாலுக்குப் பொழைக்க வந்தவரு, ராத்திரி வாட்ச்மேன் வேலைகூடப் பாத்திருக்காரு. உறவுக்காரரு ஜங்கட் சிங் ஷ்யாம்கிட்ட எடுபிடியா இருந்து படம் எழுதப் பழகுனாரு. 2002-ல லண்டன்ல ஒரு இந்தியச் சாப்பாட்டுக் கடைச் சுவருக்குப் படம் எழுதக் கூப்பிட்டாங்க. போனாரு. எழுதுனாரு. அம்புட்டுப் பெரிய ஊரை வாயைப் பொளந்து பாத்துட்டுத் திரும்பி வந்தாரு. நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப? அங்ஙன நின்னு செல்ஃபி எடுத்துப் போட்டிருப்ப. அந்த மனுசன் வந்து உக்காந்து, பாத்ததையெல்லாம் தன் ஊருக் கண்ணால வரைஞ்சாரு. லண்டன்ல பெரிய மணிக்கூண்டு இருக்குல்ல, பிக் பென்னு, அதைச் சேவலாக்கிட்டாரு. ஏன்னா அவரு ஊருல நேரம் சொல்றது சேவலு. தரைக்கடியில ஓடுற ரயிலை மண்புழுவாக்குனாரு. விசுவாசமா வந்து ஏத்திக்கிட்டுப் போற பஸ்ஸு நாயாச்சு. ஆகாசத்துல பறக்குற ஏரோப்ளேன் யானையாச்சு. நம்ம மெட்ராஸ்ல உள்ள தாரா பதிப்பகம் அதையெல்லாம் சேத்து ‘லண்டன் ஜங்கிள் புக்’னு 2004-ல போட்டாங்க. 2018-ல கவர்மெண்டு பத்மஸ்ரீ குடுத்துச்சு. ராத்திரிக் காவலுக்கு நின்னவருக்கு!

இப்ப உன் படத்தை எடு. நீ குடுத்தியே, ‘சின்னி முயலும் பச்சை மரமும்’, அதைத்தான் சொல்றேன். என்ன வரைஞ்சிருக்க? வீட்டு மேல புகைபோக்கி. பின்னாடி ஊசி ஊசியாத் தேவதாரு மரம். மாட்டுக்கு உடம்பெல்லாம் கறுப்புத் திட்டு. பிள்ளைகளுக்குக் கன்னம் தக்காளிச் சிவப்பு. இது எந்த ஊருய்யா? நம்ம கரிசல்ல எந்த வீட்டுல புகைபோக்கி கண்ட? உடைமரம் எங்க? வேலிக்கருவேல் எங்க? கொம்புக்குச் சாயம் பூசுன காளை எங்க? நம்மூருப் பிள்ளை மூக்கொழுகிக்கிட்டு டவுசரை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு ஓடுமே, அது எங்க? “பொதுவா இருந்தா எல்லாரும் ரசிப்பாங்க தாத்தா”ங்குற. பஜ்ஜு ஷ்யாம் சேவலை வரைஞ்சாரு, லண்டன்காரனும் ரசிச்சான். நீ லண்டன் வீட்டை வரைஞ்சிருக்க, கழுகுமலைக்காரன்கூடத் திரும்பிப் பாக்கலை.

பாக்குறதுக்கே ஒரு பழக்கம் வேணும். எங்க சின்ன வயசுல முடி வெட்டுற கடையில ‘அம்புலிமாமா’ கிடக்கும். 1947-ல தெலுங்குலயும் தமிழ்லயும் ஆரம்பிச்ச பத்திரிகை. அதுல விக்கிரமாதித்தன் படம் வரும். வேதாளத்தைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கத்தியோட சுடுகாட்டுல நடந்து போவான். பல வருசமா அதை வரைஞ்சவரு சங்கர். தாராபுரம் பக்கத்துக் கிராமத்துல 1924-ல பொறந்தவரு, 96 வயசு வரைக்கும் இருந்து 2020-ல போனாரு. அந்த ஒரே படத்தை மாசா மாசம் பாப்போம். சலிக்காது. ஒரு மாசம் மண்டையோடு கண்ணுல படும். அடுத்த மாசம் மரப்பொந்து தெரியும். எனக்கு முடி வெட்டுனதே அந்தப் படத்துக்காகத்தான். தலையில முடி இருந்த காலம்யா அது!

சரி, கதைக்கு வா. உன் முயலு என்ன பண்ணுது? மரம் வெட்ட வந்தவன் முன்னாடி நின்னு, “இயற்கை நமக்குக் கிடைத்த கொடை, அதனைப் பேணுவது நம் கடமை”ன்னு பேசுது. முயலுய்யா! கரட்டுல நான் எம்புட்டு முயலைப் பாத்திருக்கேன். ஒண்ணுகூட நின்னு பேசுனதில்ல. காதைத் தூக்கும், ஒரு நொடி பாக்கும், பிச்சிக்கிட்டு ஓடும். கதையில முயலு பேசட்டும், தப்பில்ல. ஆனா முயலாப் பேசட்டும். உன் முயலு ஆகஸ்ட் பதினஞ்சுக்குக் கொடியேத்த வந்த பிரசிடெண்டாப் பேசுது.

கடைசியில வேற ஒரு பெட்டி கட்டி, ‘நீதி: மரம் வளர்ப்போம்’. வாழைப்பழத்துக்குள்ள மாத்திரையை வச்சுக் குடுக்குற வேலை இது. பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. பழத்தைத் தின்னுட்டு மாத்திரையைத் துப்பிரும். நீ பழமே இல்லாம மாத்திரையை மட்டுமில்ல குடுக்குற!

எங்க அப்பத்தா கதை சொல்லுவா. மாமியாக்காரி பணியாரத்துல கல்லை வச்சுக் குடுத்த கதை, குசு விட்டுப் பேயை விரட்டுன கிழவன் கதை. நீதியா? ஒரு மண்ணும் கிடையாது. நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம். “இன்னொருக்கச் சொல்லு”ன்னு முந்தானையைப் பிடிச்சு இழுப்போம். அதைக் கேட்டு எவனும் கெட்டுப் போகலை. நீதிக்கதை மட்டுமே படிச்சு வளந்தவன் ஒருத்தன் எங்க தெருவுல இருந்தான். அவன்தான் சங்கத்துப் பணத்தைக் கையாடுனது. அது கிடக்கட்டும்.

வெள்ளைக்காரி ஒருத்தி முயல் கதை எழுதுனா. பியாட்ரிக்ஸ் பாட்டர். அந்தக் கதையில அப்பன் முயலை ஏற்கெனவே தோட்டக்காரன் பொண்டாட்டி பண்டமாச் சுட்டுப்புட்டா. கதை ஆரம்பிக்கும்போதே இந்தச் சேதி வந்துரும். அப்பிடியிருந்தும் மகன் முயலு அதே தோட்டத்துக்குத் திருடப் போகுது! உங்க பயிலரங்கத்து வாத்தியாரு என்ன சொல்லுவாரு? “குழந்தை மனம் பாதிக்கும், அந்த இடத்தை எடுத்துருங்க”ன்னுவாரு. பிள்ளைக மனசு ஒண்ணும் பாதிக்கலை. நூறு வருசம் தாண்டியும் அந்தக் களவாணி முயலைத்தான் கேக்குதுக.

அவ அதை எப்பிடி எழுதுனா தெரியுமா? புத்தகமா இல்ல, ஒரு கடுதாசியா. 1893-ல தனக்குப் பாடம் சொல்லிக் குடுத்த அம்மா வீட்டுப் பையன், அஞ்சு வயசு, காய்ச்சல்ல படுத்துக் கிடந்தான். அவனுக்கு என்ன எழுதுறதுன்னு தெரியாம ஒரு முயல் கதையைப் படத்தோட எழுதி அனுப்புனா. அதுதான் வித்து. எதுக்க ஒரு பிள்ளை இருந்துச்சு பாரு, அதைக் கவனி. நீ எழுதுறப்ப உன் எதுக்க யாரு இருக்கா? விருதுக் கமிட்டி இருக்கு. ஃபாலோயர் இருக்கான். உன்கூடப் பயிலரங்கத்துல படிச்ச இன்னொரு சிறார் எழுத்தாளர் இருக்காரு. பிள்ளையைத் தவிர எல்லாரும் இருக்காங்க.

பெறகு அவ அதைப் புத்தகமாக்கக் கொண்டு போனா. பதிப்பகத்துக்காரங்க வேணாம்னுட்டாங்க. பெருசா போடலாம், இன்ன விலை வைக்கலாம்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. பிள்ளைக கையில அடங்குற அளவுதான், விலையும் சல்லிசாத்தான் இருக்கணும்னு இவ பிடிவாதம். 1901 டிசம்பர்ல சொந்தக் காசுல 250 பிரதி அடிச்சா. அடுத்த வருசம் முன்னாடி மறுத்த ஒரு பதிப்பகமே எடுத்துப் போட்டுச்சு. வந்த காசுல என்ன பண்ணுனா? வட்ட விளக்கு வாங்கலை. 1905-ல ஒரு பண்ணை வாங்குனா. அப்புறம் செம்மறி ஆடு வளத்தா. ஆட்டுக்குப் பரிசும் வாங்குனா! 1943-ல சாகும்போது 4,000 ஏக்கருக்கு மேல பொதுவுக்கு எழுதி வச்சுட்டுப் போனா. சேத்துல எறங்கி ஆட்டுக்குக் குளம்பு பாக்கத் தெரிஞ்ச எழுத்தாளி. இந்த ஒரு விசயத்துக்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும்.

“நானும் சொந்தக் காசுலதான் போடப் போறேன் தாத்தா”ன்னு குதிக்காதே. அவ காசு குடுத்தது அச்சுக்கு. நீ காசு குடுக்கப் போறது பொன்னாடைக்கு. எனக்குத் தெரியாதா? பணத்தைக் கட்டுங்க, புத்தகம் போடுறோம், மண்டபம் பிடிக்கிறோம், விழா எடுக்குறோம், மேல கொஞ்சம் சேத்துக் கட்டுனா விருதும் தாறோம்னு ஒரு கூட்டம் அலையுது. விருதுக்குப் பதிவுக் கட்டணம்! எங்க காலத்துல பரிசுன்னா குடுப்பாங்க, இப்ப வாங்குறாங்க. விழா முடிஞ்சு நாக்காலியை மடக்கி வச்ச பெறகு புத்தகக் கட்டு எங்க போகும்? உன் கட்டிலுக்கு அடியில. அங்ஙன வாசகன் தயாரா இருப்பான். கரையான். அட்டையில இருந்து பின்னட்டை வரைக்கும் ஒரு எழுத்து விடாமப் படிப்பான்.

அச்சு வேலை தெரியாம அச்சுக்குப் போகாதே. ஒரு ஃபாரம்னா 16 பக்கம். படப் புத்தகம் ஒலகம் பூராவும் பெரும்பாலும் 32 பக்கம் வர்றது ஏதோ சாஸ்திரம் இல்ல. ரெண்டு ஃபாரம், தாள் வீணாகாது, நடுவுல பின்னு அடிச்சு மடக்கிரலாம். உன் கதை 19 பக்கம் வந்திருக்கு. மிச்சம் 13 பக்கத்துக்கு என்ன பண்ணப் போற? நானே சொல்லிர்றேன். வாழ்த்துரை 4, அணிந்துரை 5, என்னுரை 3, நன்றியுரை 1. சரியாப் போச்சா? ஏழு வயசுப் பிள்ளைக்கு அணிந்துரை! பேராசிரியரு ஒருத்தரு, ‘சமகாலச் சிறார் இலக்கிய வெளியில்’னு ஆரம்பிப்பாரு. அந்தப் பிள்ளை அந்தப் பக்கத்தைக் கிழிச்சு ராக்கெட் விடும். அதுவாச்சும் பறக்கட்டும்.

எட்டு வெள்ளைத் தாளை எடு. நடுவுல மடி. பின்னு அடி. 32 பக்கம் வந்துருச்சா? காசு எம்புட்டு ஆச்சு? அதுல கதையைப் பிச்சுப் பிச்சுப் போடு. பென்சிலால கிறுக்கு. பக்கம் திருப்புற இடத்துல பிள்ளைக்கு மூச்சு முட்டணும். ‘கதவைத் திறந்தா...’ன்னு வலது பக்கம் முடி. திருப்புனா தெரியட்டும் உள்ள என்ன இருக்குன்னு. நீ என்ன பண்ணியிருக்க? கதவு, திறப்பு, உள்ள இருக்குற கரடி, அது முயலுக்குச் சொன்ன அறிவுரை எல்லாம் ஒரே பக்கத்துல. பெறகு பிள்ளை எதுக்குய்யா திருப்பும்?

இன்னொண்ணு. எழுத்து சொன்னதையே படமும் சொல்லக் கூடாது. ‘மழை பெய்தது’ன்னு எழுதிட்டு மழையை வரைஞ்சு வச்சிருக்க. தெரியாமத்தான் கேக்கேன், அதுக்கு ரெண்டு கூலியா? ‘பூனை பாலைத் தொடவே இல்லை’ன்னு எழுத்துல இருக்கட்டும். படத்துல மீசை வெள்ளையா இருக்கட்டும். வாசிச்சுக் காட்டுற அப்பன் பாட்டுக்கு வாசிச்சுட்டுப் போயிருவான். பிள்ளை விரலை வச்சுக் கண்டுபிடிச்சுரும். “அப்பா, பொய்யி! பொய்யி!”ன்னு கத்தும். அப்பனுக்குத் தெரியாதது தனக்குத் தெரிஞ்சுருச்சுன்னு ஒரு குதி குதிக்கும் பாரு! படக்காரனோட கூலி அதுதான்.

உனக்கு வரைய வரலைன்னாலும் ஒண்ணும் குத்தமில்ல. கதையைக் குடு, படத்துக்கு ஆளைப் பதிப்பகத்துல பெரும்பாலும் அவங்களே பாத்துக்குவாங்க. மெட்ராஸ்ல தூலிகா 1996-ல இருந்து பிள்ளைகளுக்குன்னே போடுறாங்க. நேஷனல் புக் டிரஸ்ட் 1957-ல இருந்து இருக்கு. பாரதி புத்தகாலயம் இருக்கு. இதுல ஒருத்தரு புத்தகத்தையாச்சும் தரையில சம்மணம் போட்டு உக்காந்து பத்து எடுத்துப் படிச்சியா? படிக்கலை. “படிச்சா என் தனித்தன்மை போயிரும் தாத்தா.” அட கிறுக்குப் பயலே! இருந்தாத்தானய்யா போறதுக்கு?

‘சின்னப் பிள்ளைக்குத்தானே, நாலு வரி, ஒரு மணி நேரத்துல எழுதிரலாம்’னு நெனச்சுட்ட. அமெரிக்காவுல டாக்டர் சூஸ்னு ஒருத்தர் இருந்தாரு. மொதப் புத்தகத்தை இருபதுக்கும் மேல பதிப்பகம் திருப்பி அனுப்புச்சு. 1937-லதான் வந்துச்சு. பின்னாடி பெரிய ஆளான பெறகு, அம்பதே வார்த்தையில கதை எழுத முடியுமான்னு அவரு பதிப்பாளரு பந்தயம் கட்டுனாரு. எழுதி முடிச்சு, 1960-ல புத்தகமா வந்துச்சு. பச்சை முட்டையைத் தின்னுன்னு ஒருத்தன் துரத்துற கதை. மொத்தம் வேற வேற வார்த்தை எண்ணிப் பாத்தா 50. உன் முயலு ஒரு மூச்சுல 50 வார்த்தை பேசிருது.

எரிக் கார்ல்னு இன்னொருத்தர். தாளுல ஓட்டை போடுற மிஷினை வச்சு விளையாடிக்கிட்டு இருந்தாரு. ஓட்டையைப் பாத்ததும், ஒரு புழு புத்தகத்தைத் தின்னுக்கிட்டே போனா எப்பிடி இருக்கும்னு தோணிச்சு. எடிட்டரம்மாகிட்ட கொண்டு போனாரு. அந்தம்மாவுக்கு அந்தப் புழு மேல அம்புட்டாப் பிரியமில்ல. கம்பளிப்புழுவா இருந்தா என்னன்னு கேட்டுச்சு. இவருக்கு உடனே பட்டாம்பூச்சி வந்துருச்சு! புழு கடைசி வரைக்கும் புழுதானய்யா, கம்பளிப்புழுவுக்குத்தான் ரெக்கை மொளைக்கும். 1969-ல வந்த புத்தகம். நிசமாவே தாள்ல ஓட்டை போட்டு அடிச்சாங்க. எடிட்டர் வாய்ல இருந்து வந்த ஒரு வார்த்தை அது. அந்த மனுசன் “என் புழுவை மாத்தாதே”ன்னு அடம் பிடிச்சிருந்தா? நீ பிடிப்ப. ‘ஒரு எழுத்தை மாத்துனாலும் கதையைத் திரும்ப வாங்கிக்குவேன்’னு மெயிலுல போட்டிருக்கியாமே. வாங்கிக்க. அவங்களும் அதைத்தான் வேண்டிக்கிட்டு இருப்பாங்க.

கம்ப்யூட்டர்ல சொன்னா அதுவே வரைஞ்சு தருதுன்னு காட்டுன. பாத்தேன். வழவழன்னு இருக்கு, வெண்ணெய் தடவிருக்கான். பொம்பளைப் பிள்ளைக்கு ஒரு கையில ஆறு விரலு. உங்க ஆத்தா, “இவளுக்கு எந்த ஊர்ல மாப்பிள்ளை தேடுறது”ன்னு கேட்டாளே, அதுக்கு மேல எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல.

வேலையை விடப் போறேன்னு மட்டும் சொல்லாதே. செவியில ஏத்திக்கோ. குழந்தைக் கவிஞர்னு சொன்னாலே அழ. வள்ளியப்பாதான். 1922-ல இராயவரத்துல பொறந்தவரு. பகல்ல இந்தியன் வங்கியில உத்தியோகம். பாட்டு எழுதுறதோட நிக்கலை, 1950-ல குழந்தை எழுத்தாளர் சங்கம்னு ஒண்ணையும் ஆரம்பிச்சு நடத்துனாரு. ஓய்வு பெத்த பெறகுதான் ‘கோகுலம்’ பத்திரிகைக்கு ஆசிரியரா உக்காந்தாரு. ஊரான் வட்டிக் கணக்கு எழுதுன கையிதான் பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுதுச்சு. அந்த மனுசனுக்கு வராத ‘படைப்பு நெருக்கடி’ உனக்கு வருதாக்கும்? நம்ம இடைசெவல் கி. ராஜநாராயணனை எடு. சம்சாரி. 1958-ல ‘சரஸ்வதி’யில மொதக் கதை வந்தப்ப முப்பது வயசு தாண்டியாச்சு. அம்புட்டு நாளும் புஞ்சையையும் சனங்க பேச்சையும் பாத்துக்கிட்டு இருந்தாரு. உனக்கு இருபத்தி நாலு. “லேட்டாயிருச்சு தாத்தா”ங்குற. எந்த ரயிலுக்கு?

காசுக் கணக்கும் சொல்லிர்றேன். நம்ம தமிழ்ப் பதிப்பகத்துல ராயல்டின்னா வழக்கமாப் பத்து சதவீதம். 60 ரூபா புத்தகம் ஒண்ணு வித்தா உனக்கு 6 ரூபா. டீ எம்புட்டு விக்கிது? எழுதுனவனுக்கும் வரைஞ்சவனுக்கும் பிரிச்சா அந்த ஆறும் மூணாயிரும். சாகித்ய அகாடமி 2010-ல இருந்து பால சாகித்ய புரஸ்கார் குடுக்குது. 50,000 ரூபா. மொத வருசம் தமிழுக்கு மா. கமலவேலன் வாங்குனாரு, ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’க்கு. பாத்தியா, இங்ஙனயும் ஆடுதான் ஜெயிச்சிருக்கு! நல்ல காசுதான். ஆனா அது மாசச் சம்பளமில்ல. அதை நம்பி வாடகை வீடு பிடிக்காதே, பொண்ணும் கேக்காதே.

உன் கதையைச் சும்மா பேசிக்கிட்டு இருக்கேன்னு நெனைக்காதே. ஞாயித்துக்கிழமை தெருப் பிள்ளைகளைக் கூட்டி வச்சு வாசிச்சுப் பாத்துட்டேன். முறுக்கு குடுத்துத்தான் உக்கார வச்சேன். ரெண்டாவது பக்கத்துல மேலத்தெருப் பொடியன் எந்திரிச்சான், கோலிக்குண்டு கூப்பிடுதுன்னுட்டான். முயலு கொடை, கடமைன்னு ஆரம்பிச்சதும் மூணு பேரு ஒட்டுமொத்தமாக் கிளம்பிட்டாங்க. முறுக்கு தீரவும் இன்னொருத்தன் காணோம். ஒரே ஒருத்தி மட்டும் கன்னத்துல கைய வச்சுக்கிட்டுக் கடைசி வரைக்கும் இருந்தா. ஆறு வயசுதான் இருக்கும். முடிச்சதும், “தாத்தா, ஒரு சந்தேகம்”னா. “கேளு தாயி”ன்னேன். “காலையில இருந்து ராத்திரி வரைக்கும் முயலு அந்த மரத்தையே காவல் காத்துக்கிட்டு நிக்கிதுல்ல, பெறகு அது எப்ப வெளிக்குப் போகும்?”னா.

எனக்குப் பதில் தெரியலை. போயிருந்த நேரம் பாத்து எவனாச்சும் அருவாளோட வந்துட்டா என்ன செய்யும்னு அடுத்த கேள்வி வேற. பக்கத்துல ஒரு ஆமையைக் கொஞ்ச நேரம் பாத்துக்கச் சொல்லியிருக்குமோன்னு அவளே சொல்லிக்கிட்டா. ஆமை தூங்கிருமேன்னும் அவளே சொன்னா. எனக்கே கேக்கணும்போல ஆகிருச்சுய்யா! ஓடிப்போன பயலுகள்ல ரெண்டு பேரு திரும்பி வந்து உக்காந்துட்டானுக.

வர்ற ஞாயித்துக்கிழமை எழுதுனவரையே கூட்டிட்டு வர்றேன், அவருகிட்டயே கேளுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். முறுக்கு உன் செலவு.